விமானப் பயணம்: பயம் வேண்டாம், விவரம் வேண்டும்

(காணையில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வழக்கமா நான் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றித்தான் பேசுவேன். இன்னிக்கு விமானத்தைப் பற்றிப் பேசப் போறேன். "இது நமக்கு எதுக்கு?"ன்னு பின்வரிசையில ஒரு அம்மா சிரிக்கிறது தெரியுது. காரணம் இருக்கு.

டில்லியில் நடக்கிற கண்காட்சிக்கு நம்ம கூட்டமைப்பிலிருந்து நாலு பேர் போகலாம்னு கடிதம் வந்திருக்கு. கடலை மிட்டாய், ஊறுகாய், சணல் பை எல்லாம் கொண்டு போய் விற்கலாம். போக வர விமான டிக்கெட் அவங்களே தர்றாங்க. ஆனா பட்டியல்ல இரண்டு பேர்தான் பெயர் எழுதியிருக்காங்க. மற்ற இரண்டு வரி காலியா இருக்கு. "பிளேன்னா வேண்டாம் மேடம், ரயில்னா வர்றேன்"னு மூணு பேர் சொல்லிட்டாங்க. ரயிலில் டில்லிக்கு ஒரு பகல், ஒரு இரவு தாண்டி 33 மணி நேரம் போல ஆகும். விமானத்தில் மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம்.

போன முறை என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு அக்கா எல்லா ஏற்பாடும் செய்து, இரவு பத்து மணிக்கு "எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, நான் வரல"ன்னுட்டாங்க. டிக்கெட் பணம் போச்சு. அவங்க குழு பத்து நாள் உட்கார்ந்து போட்ட சரக்கும் அப்படியே நின்னு போச்சு. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டியே உட்கார்ந்து விவரம் சொல்லாதது என் தப்பு. அதான் இன்னிக்குச் சொல்றேன்.

வங்கி வாசல் ஞாபகம் இருக்கா?

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களுக்கான திட்டம் தொடங்கியது. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. அப்போ குழு ஆரம்பித்த மூத்த அம்மாமார்கள் இங்கேயே இருக்காங்க. முதல் முதல்ல வங்கிக்குப் போனப்போ செருப்பை வாசல்ல விட்டுட்டு, செல்லான் எந்தப் பக்கம் எழுதறதுன்னு தெரியாம ஒரு மணி நேரம் ஓரமா நின்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. இன்னிக்கு அதே அம்மா மேனேஜர் அறைக்குள்ள போய், "எங்க கடன் மனு என்ன ஆச்சு சார்?"னு கேட்கறாங்க. வங்கி மாறவில்லை. நமக்கு வழி தெரிஞ்சது, அவ்வளவுதான்.

விமான நிலையமும் அப்படித்தான். பாதி பயம் மேலே பறக்கறதைப் பற்றி இல்லை. "உள்ளே போய் என்ன செய்யணும்னு தெரியாதே, யாராவது திட்டுவாங்களே, சிரிப்பாங்களே"ங்கிற பயம்தான் அது. அதனால ஒவ்வொரு வாசலா சொல்லிட்டு வர்றேன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது

முதலில் அடையாள அட்டை. ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, அசல் வேணும். ஜெராக்ஸ் ஏற்க மாட்டாங்க. டிக்கெட்டில் இருக்கிற பெயரும் அட்டையில் இருக்கிற பெயரும் ஒண்ணா இருக்கணும். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்துடாதீங்க.

மதியம் ஒரு மணிக்கு விமானம்னா, பதினோரு மணிக்கு ஏர்போர்ட் வாசல்ல இருக்கணும். காணையிலிருந்து விடியற்காலை பஸ் பிடிச்சு விழுப்புரம், அங்கிருந்து ரயிலில் தாம்பரம், தாம்பரத்தில் மாறி லோக்கல் ரயிலில் திரிசூலம். திரிசூலம் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விமான நிலையம். பஸ்ஸில் போறவங்க கவனிங்க: 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு நம்ம பக்கத்து பஸ் அங்கேயே நின்னுடும். அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்கணும். அதுக்கும் நேரம் ஒதுக்குங்க.

பயணப் பெட்டி இரண்டு வகை. ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போறது, பெரும்பாலும் 7 கிலோ. இன்னொண்ணு கவுண்டரில் கொடுத்து விடறது, உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ. அதிகமானா கிலோவுக்கு இவ்வளவுன்னு பணம் கட்டச் சொல்வாங்க. அதனால வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்க. ரேஷன் கடைத் தராசு போதும்.

எதை எங்கே வைக்கணும்?

கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை மாதிரி கூர்மையானது எதுவும் கைப்பையில் கூடாது. ஊறுகாய், எண்ணெய், சாம்பார் மாதிரி குழகுழன்னு இருக்கிறதை நல்லா மூடிக் கட்டி, கொடுத்து விடற பெட்டியில் வைங்க. தீப்பெட்டி, லைட்டர், கற்பூரம் எதிலேயும் கூடாது. கொப்பரைத் தேங்காயும் கூடாது. அதில் எண்ணெய் இருக்கிறதால தீப்பிடிக்கும்னு தடுத்திருக்காங்க. முழுத் தேங்காயைக்கூட கையில் எடுத்துப் போக விடறதில்லை. 2024-ல் சபரிமலைக்கு இருமுடி கட்டிப் போறவங்களுக்கு மட்டும் 2025 ஜனவரி 20 வரைக்கும்னு தனியா அனுமதி கொடுத்தாங்க.

செல்போனுக்குச் சார்ஜ் ஏத்தற பவர் பேங்க் மட்டும் இதுக்கு நேர் எதிர். அது கண்டிப்பா கைப்பையில்தான் இருக்கணும். பெட்டியில் போடக் கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் டாக்டர் சீட்டோட கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வேறு எங்காவது போயிட்டாலும் மாத்திரை உங்க கிட்ட இருக்கும்.

எலுமிச்சை சாதம், சப்பாத்தி, இட்லிப்பொடி தடவின இட்லி எடுத்துட்டுப் போகலாம். விமானத்தில் பெரும்பாலும் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு. ஏர்போர்ட்டுக்குள்ள டீ விலையைக் கேட்டா மயக்கம் வரும். 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் உடான் யாத்ரி கஃபேன்னு ஒரு மலிவு விலைக் கடை திறந்தாங்க. திறந்தப்போ அங்கே டீ 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய். எங்கே இருக்குன்னு கேட்டுப் போங்க.

உள்ளே நாலு வாசல்

முதல் வாசலில் துப்பாக்கியோட காவலர் நிற்பார். மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்காரர். டிக்கெட்டையும் ஆதாரையும் காட்டினா உள்ளே விடுவார். பக்கத்தில் சிலர் முகத்தைக் காட்டிட்டுப் போவாங்க. அது டிஜி யாத்ரான்னு செல்போன் மூலமா பதிவு செய்தவங்களுக்கு. அது கட்டாயம் இல்லை. நாம் சாதாரண வரிசையில் போகலாம்.

இரண்டாவது, விமானக் கம்பெனியின் கவுண்டர். பெட்டியைக் கொடுத்தா எடை போட்டு, ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதன் துண்டை உங்களுக்குத் தருவாங்க. அதைத் தொலைக்கக் கூடாது. கூடவே போர்டிங் பாஸ் தருவாங்க. 14-ஏ-ன்னு இருந்தா பதினாலாவது வரிசை, ஜன்னல் சீட்டு. உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி இந்தக் கவுண்டரை மூடிடுவாங்க. "ஒரு நிமிஷம் சார்"னு அழுதாலும் நடக்காது.

மூணாவது, சோதனை. கைப்பை, போன், சில்லறை எல்லாத்தையும் டிரேயில் வைக்கணும். பெண்களைப் பெண் காவலர்தான் சோதிப்பாங்க, திரை போட்ட தடுப்புக்குள்ள. தாலி, கொலுசு, மெட்டியால கருவி "பீப்" அடிக்கும். பதறாதீங்க. எல்லாருக்கும் அடிக்கும். கையால் தொட்டுப் பார்த்துட்டு அனுப்பிடுவாங்க. நீங்க எந்தத் தப்பும் செய்யலை. இதெல்லாம் முடிஞ்சதும் டிரேயிலிருந்து போனை மறக்காம எடுங்க. தண்ணீர் பாட்டிலைக் காலியா எடுத்துப் போய், இந்தப் பக்கம் வந்த பிறகு குழாயில் பிடிச்சுக்கலாம்.

நாலாவது, கேட். பஸ் ஸ்டாண்டில் "திருவண்ணாமலை திருவண்ணாமலை"ன்னு கண்டக்டர் கூவற மாதிரி இங்கே கூவ மாட்டாங்க. பல விமான நிலையங்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் அறிவிப்பு செய்யறதில்லை. பலகையில்தான் வரும். கேட் நம்பர் கடைசி நேரத்தில் மாறவும் மாறும்.

இங்கே என் கதையைச் சொல்லணும். நான் முதல் தடவை ஒரு பயிற்சிக்காக விமானம் ஏறப் போனப்போ, பாஸில் போட்டிருந்த கேட்டில் போய் உட்கார்ந்துட்டேன். பக்கத்தில் எல்லாரும் லேப்டாப், இங்கிலீஷ். யாரையும் கேட்க வெட்கம். எம்.எஸ்.டபிள்யூ. படிச்சவ, ஊருக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறவ, இதுகூடத் தெரியாதான்னு நினைப்பாங்களேன்னு வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன். தரை துடைச்சுட்டிருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துட்டு, "எங்கம்மா போகணும்?"னு கேட்டாங்க. பாஸை வாங்கி யாரிடமோ காட்டிட்டு வந்து, "இது கேட் மாறிடுச்சும்மா, ஓடு!"ன்னாங்க. செருப்பைக் கையில் எடுத்துட்டு ஓடினேன். கதவை மூட இரண்டு நிமிஷம் இருந்தது. நம்மள மாதிரி ஒரு அம்மா கேட்டதாலதான் அன்னிக்கு நான் பயணம் போனேன். அதிலிருந்து நான் பத்து முறை கேட்பேன். வெட்கமே படறதில்லை.

பெரும்பாலான கம்பெனிகள் கிளம்ப 25 நிமிஷம் முன்னாடி கேட்டை மூடிடும். அதனால கேட் பக்கத்திலேயே இருங்க. நகரும் படிக்கட்டு பயமா இருந்தா லிஃப்ட் எங்கேன்னு கேளுங்க. ஏறினா, புடவை முந்தானையையும் கொசுவத்தையும் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்குங்க.

மேலே என்ன நடக்கும்?

பெல்ட்டை "டக்"குன்னு மாட்டணும். கழற்றணும்னா மேலே இருக்கிற மூடியைத் தூக்கணும். அதைப் பழகிட்டு உட்காருங்க.

கிளம்பும்போது விமானம் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல வேகம் எடுக்கும். முதுகை யாரோ சீட்டோட சேர்த்து அழுத்தற மாதிரி இருக்கும். மேலே எழும்பினதும் அடியில் "தடால்"னு ஒரு சத்தம் வரும். அது சக்கரத்தை உள்ளே மடக்கற சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் குறையும். "நின்னு போச்சோ?"ன்னு நினைக்காதீங்க. மேலே எழும்பின பிறகு அவ்வளவு விசை வேண்டாம்னு குறைக்கிறாங்க. ரெக்கை லேசா ஆடும். காற்றுக்கு வளைஞ்சு கொடுக்கத்தான் அப்படிச் செய்திருக்காங்க. தென்னை மரம் வளையறதால்தானே புயலில் நிற்குது?

நடுவில் குலுங்கும். நம்ம ஊர் மண் ரோட்டில் டவுன் பஸ் குலுங்கறதை நினைச்சுக்குங்க. காற்று சமமா இல்லாத இடத்தில் போறதால வர்ற குலுக்கல் அது. பெல்ட் போட்டிருந்தா பயம் இல்லை.

காது அடைக்கும். ஏன்னா, 35,000 அடி உயரத்தில் வெளியே மூச்சு விட முடியாது. அதனால உள்ளே காற்றை அடைச்சு வைக்கிறாங்க. அப்படியும் உள்ளே இருக்கிற காற்று 6,000, 8,000 அடி மலை மேல இருக்கிற அளவுக்குத்தான் இருக்கும், நம்ம ஊட்டி மாதிரி. இறங்கும்போது மறுபடி காற்று அழுத்தம் கூடும். ஒரு காலி தண்ணீர் பாட்டிலை மேலே இருக்கும்போது இறுக்கி மூடி வைங்க, இறங்கினதும் நசுங்கிப் போயிருக்கும். காதிலும் அதே கதைதான். மிட்டாய் சப்புங்க, எச்சில் விழுங்குங்க, கொட்டாவி விடுங்க, திறந்துக்கும். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்க. கடுமையான சளி, காதில் சீழ், சமீபத்தில் ஆபரேஷன், நெஞ்சு வலி இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம போகக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு எத்தனை மாதம் வரை அனுமதின்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிக்கெட் எடுக்கும் முன்னாலேயே கேளுங்க.

பணிப்பெண் சொல்றதில் ஒண்ணை மட்டும் மனசில் வைங்க. காற்று குறைஞ்சா மேலேயிருந்து முகமூடி தொங்கும். முதலில் உங்களுக்கு மாட்டிட்டு, பிறகுதான் குழந்தைக்கு. தாய் மனசு ஒத்துக்காது. ஆனா அந்த உயரத்தில் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே நினைவு தப்பிடும். நீங்க மயங்கிட்டா குழந்தைக்கு யார் மாட்டுவாங்க?

கழிவறையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். ரொம்பச் சின்ன அறை. பல விமானங்களில் கதவை நடுவில் தள்ளினா மடங்கித் திறக்கும். உள்ளே தாழ்ப்பாள் போட்டாத்தான் விளக்கு நல்லா எரியும். மக் இருக்காது, காகிதம்தான். பட்டனை அழுத்தினா "புஸ்ஸ்"னு பெரிய சத்தத்தோட உறிஞ்சும். பயந்துடாதீங்க. ஏர்போர்ட்டிலேயே போயிட்டு ஏறறது நல்லது.

இறங்கும்போது சக்கரம் தரையில் "டொம்"னு பட்டு, இன்ஜின் பெரிசா உறுமும். அது பிரேக் போடற மாதிரிதான். விமானம் முழுசா நின்ன பிறகு எழுந்திருங்க. பெட்டி சுழலும் பெல்ட்டில் வரும். ஒரே மாதிரி நூறு பெட்டி வரும். பழைய புடவைத் துணியைக் கிழிச்சு ஒரு முடிச்சு போட்டு வைங்க, தூரத்திலிருந்தே தெரியும்.

விழுந்துடுச்சுன்னா?

இதையும் கேட்டீங்க. மறைக்க மாட்டேன். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பின விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைச்சார். டி.வி.யில் பார்த்து நாம எல்லாரும் அழுதோம். ஆபத்தே இல்லைன்னு நான் சொன்னா அது பொய்.

ஆனா இதையும் சேர்த்துப் பாருங்க. 2022-ம் ஒரு வருடத்தில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அதில் நம்ம ஊர்க்காரங்களும் உண்டு. ஹைவேயைத் தாண்டும்போது நாம் இப்படி நடுங்கறதில்லை, பழகிடுச்சு. விமானத்தில் எப்பவும் இரண்டு பைலட். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவங்களுக்குச் சோதனை வைக்கிறாங்க. இரண்டு இன்ஜினில் ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணை வைத்துப் பறந்து இறக்க முடியும். ஓட்டறது ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். நம்ம நாட்டு பைலட்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் பெண்கள். உலக அளவில் அது சுமார் 5 பேர்தான்.

"அதெல்லாம் பணக்காரங்களுக்கு"ன்னும் சொல்லாதீங்க. 2020-ல் வந்த சூரரைப் போற்று படம் பார்த்திருப்பீங்க. 2003-ல் ஏர் டெக்கான் என்ற மலிவுக் கட்டண விமானக் கம்பெனியைத் தொடங்கின கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவினது அது. நம்மள மாதிரி ஆட்களும் ஏறணும்னுதான் அவர் அந்தக் கம்பெனியைத் தொடங்கினார்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு

இதைச் சொல்லாம உட்கார முடியாது. நம்ம கிராமங்களில் குவைத், ஓமன்னு வீட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போறோம்னு ஏஜெண்ட்கள் வர்றாங்க. அங்கே பயப்பட வேண்டியது விமானத்துக்கு இல்லை.

பத்தாவது பாஸ் ஆகாதவங்களுக்கு ஈ.சி.ஆர். வகை பாஸ்போர்ட். அதை வைத்து வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்ற அனுமதி வேணும். பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்கணும். 2016-ல் கொண்டு வந்த விதிப்படி, இந்தப் பெண்களை அரசு நிறுவனங்கள் மூலம்தான் வேலைக்கு அனுப்பலாம். தமிழ்நாட்டில் அது அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். முறையா போனா 10 லட்சம் ரூபாய் காப்பீடும் உண்டு. இதையெல்லாம் விட்டுட்டு "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்"னு யார் சொன்னாலும், அது உங்களை மாட்டி விடற வழி.

பாஸ்போர்ட்டை நீங்களே வைத்திருங்க. விசா, வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட் மூணுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டிலும், உங்க குழுவிலும் கொடுங்க. ஏர்போர்ட்டில் குடியேற்ற அதிகாரி "எதுக்குப் போறீங்க?"ன்னு கேட்பார். ஏஜெண்ட் சொல்லிக் கொடுத்த பொய்யைச் சொல்லாதீங்க. சந்தேகமா இருந்தா, அந்த இடத்தில்கூட "எனக்குப் பயமா இருக்கு சார், உதவி பண்ணுங்க"ன்னு சொல்லலாம். விமானம் கிளம்பற வரைக்கும் திரும்பி வர வழி இருக்கு.

கடைசியா

டில்லிக்கு நாலு பேரும் சேர்ந்துதான் போவோம். நானும் கூட வர்றேன். ஏறும் முன்னால் மிட்டாய் நான் தருவேன். கையைப் பிடிக்கணும்னா பிடிச்சுக்கலாம், நானும் இன்னும் கிளம்பும்போது சீட்டுக் கைப்பிடியை இறுக்கித்தான் பிடிப்பேன். பயம் போயிடும்னு நான் சத்தியம் பண்ணலை. பயத்தோடயே போகலாம், அவ்வளவுதான் சொல்றேன். முதல் வங்கிக் கடனில் கையெழுத்துப் போட்டப்பவும் நம்ம கை நடுங்கத்தானே செய்தது?

பட்டியல் செயலாளர் அக்காகிட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கு. பெயர் கொடுக்கும் முன் வீட்டில் பேசுங்க, சந்தேகம் இருந்தா என்னைக் கேளுங்க. எத்தனை முறை வேணும்னாலும் கேளுங்க.